மூன்றில் இரண்டு

அப்புத்தளை ஸ்டேஷனுக்கு மேலே
பேக்கரி மாடியில் என் இரவு வேலை.
கீழே மாவு பிசைகிற மெஷின் உறுமத் தொடங்கும் நேரம்
என் திரையில் ஏழாம் நம்பர் எஞ்சின் விழிக்கும்.

அதை நான் பார்த்ததில்லை.
எங்கோ ஒரு பாலைவனத்தில்
கொங்கிறீட் குழியின் மேல் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்களாம்.
பதினொரு தடவை எரிந்து அணைந்தது
பன்னிரண்டாவதுக்காகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது.
எனக்கு அது நானூற்றுச் சொச்சம் கோடுகள்.
அழுத்தம், வெப்பம், அதிர்வு,
எந்த வால்வு எவ்வளவு திறந்தது.
ஒரு நொடியை ஆயிரமாய் நறுக்கி
துண்டுக்குத் துண்டு நாடி பிடிக்கிறோம்.

கடலில் விழப்போகிற எஞ்சினை
யாரும் இப்படி விசாரிப்பதில்லை.
நாளைக்கும் வேலைக்கு வரவேண்டியது இது.

இரண்டு பதினாலுக்குப் பற்றியது.
இருபத்துமூன்றாவது நொடியில்
ஒட்சிசன் பம்பின் பேரிங்கில்
ஒரு சென்சர் மட்டும் சூடு சூடு என்றது.
பக்கத்தில் இருந்த இரண்டும் வாயைத் திறக்கவில்லை.
கண் இமைக்குமுன் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது.
மூன்றில் இரண்டு.
கத்தியதை ஒதுக்கி வைத்தது கட்டுப்பாட்டுப் பெட்டி.
ஆனாலும் அதிர்வுக் கோட்டில் ஏதோ முணுமுணுப்பு,
மஞ்சள் எல்லையைத் தொட்டும் தொடாமலும்.
அதனால் அணைக்கவில்லை,
தணித்தது.
நூறிலிருந்து அறுபத்திரண்டு வீதத்துக்கு இறங்கி
மிச்ச நேரத்தை மெல்ல எரிந்து தீர்த்தது எஞ்சின்.

அம்மா இரண்டு கிலோ குறைத்துக் கொண்டுபோனால்
செக்ரோலில் அரைப்பேர் விழும்.
இதற்கு முழுப்பேர்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
சென்சர் கோளாறு. எஞ்சின் கோளாறு. தெரியாது.
மூன்றாவதில் புள்ளடி போட்டேன்.
"தெரியாதுக்கு யாரும் காசு தரமாட்டான்"
என்றாள் ஷிப்டுக்குப் பொறுப்பான ஜெகதா.
அழிக்கச் சொல்லவில்லை.

காலை பஸ்ஸில் டிவிஷனுக்குப் போனேன்.
ஐந்து நாளாய் விடாத மழை.
பிள்ளைக்காம்பிராவின் பின்னால் நட்ட மழைமானியில்
தொண்ணூற்றாறு மில்லிமீற்றர்.
நூற்றைம்பது ஆனால் எல்லோரும் இறங்கவேண்டும்.
ஒரு முழு மலைக்கு ஒரு மானி,
நாளைக்கு ஒரு வாசிப்பு,
அதுவும் மார்ட்டின் அண்ணன் ஸ்டோருக்குப் போகாத நாளில்.

கடைசி லயத்தில் மரியபுஷ்பத்தின் கதவு மூடவில்லை.
"மழைக்குப் பலகை ஊதும்" என்றது ஒப்பீஸ்.
பக்கத்து வீட்டுக் கதவு ஒழுங்காகத்தான் மூடுகிறது,
அதற்கடுத்ததும்.

அவள் சண்டைக்குப் போகவில்லை.
சுவர் வெடிப்பில் பஸ் டிக்கட் செருகிப் பார்த்திருக்கிறாள்.
திங்கள் ஒன்று நுழைந்தது.
புதன் இரண்டு.
கரித்துண்டால் சுவரிலேயே எழுதியும் வைத்திருந்தாள்,
கொழுந்துக் கணக்குக்குக் கீழே.
தினமும் நான் உற்றுப் பார்க்கிற கோடுதான்,
இங்கே யாரும் கேட்டு வாங்கவில்லை.

வெள்ளி இரவு பாலைவனத்திலிருந்து கடிதம்.
எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்களாம்.
பேரிங் புதுசு போல இருக்கிறது.
கத்திய சென்சரின் வயர் உரசித் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.
இரண்டு பேர் சொன்னதே சரி.
பதின்மூன்றாவது எரிப்புக்கு நாள் குறித்தாயிற்று.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பட்டேன்.
பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்,
மழையில் ரயில் பாதை தெரியவில்லை.
போனை எடுத்தேன். மணி ஒன்றரை.

"எத்தன டிக்கட்?"
தூக்கம் இல்லாத குரல். "நாலு."
"பிள்ளைகள எழுப்பு. ஸ்கூலுக்குப் போங்க."
"நூத்தம்பது ஆகலயாமே, மார்ட்டின் அண்ணன் சொன்னாரு."
"ஆகல."

கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும்.

"பொய்யாப் போனா?"
"போகட்டும். திட்டு நான் வாங்கிக்கிறேன்."

பாய் சுருட்டுகிற சத்தம். சின்னது அழுதது.
"இரு, கதவப் பூட்டிட்டு வாரேன்" என்றாள்,
பிறகு அவளே சிரித்துவிட்டாள்.